வவுச்சர் இல்லாத வாக்கியம்

கணக்குக்கும் எனக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். காய்கறிக்காரம்மாளிடம் மீதிச் சில்லறை வாங்கினால்கூட எண்ணிப் பார்க்காமல் பர்ஸில் போட்டுக்கொள்ளும் ரகம் நான். அப்படிப்பட்டவளைப் பிடித்து, "நீதான் எங்கள் சங்கத்துக்குத் தணிக்கை அறிக்கை எழுதித் தர வேண்டும்" என்று நாலு பேர் வந்து நின்றால் என்ன ஆகும்? நான் பட்ட பாடுதான் ஆகும். அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்காகப் பத்திரிகை ஆபீஸில் லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போயிருந்தேன். என் பிறந்த வீடு தல்லாகுளத்தில், பெருமாள் கோயிலுக்குப் பின்புறம் ஒரு தெருவில் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மற்ற ஊர் வாசகிகளுக்காகச் சொல்கிறேன். அழகர் மலையிலிருந்து வரும் கள்ளழகரை ஊரார் எதிர்கொண்டு அழைப்பதுதான் எதிர்சேவை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலையை எங்கள் பெருமாள் கோயிலில்தான் அழகர் சூடிக்கொள்கிறார். அதற்கப்புறம்தான் வைகைக்குப் புறப்பாடு. அன்றிரவு எங்கள் தெருவில் யாரும் கண் மூடுவதில்லை. வீட்டுக்கு வீடு பானகம், நீர்மோர், விசிறி! அழகரோடு கூடவே உண்டியல் வண்டிகளும் வரும். சுவாமி மலைக்குத் திரும்பிய பிறகு அவற்றைத் திறந்து எண்ணுவார்கள். அழகருக்கே கணக்கு உண்டு என்றால், எங்கள் தெருச் சங்கத்துக்கு இருக்கக் கூடாதா?

சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தெருப் பெண்கள் இருபத்திரண்டு பேர் சேர்ந்து நடத்துவது. மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய் சேமிப்பு. கோடையில் வத்தல், வடகம், ஊறுகாய் போட்டு விற்பார்கள். அவசரம் என்றால் ஒருவருக்கொருவர் கடன். இம்மாதிரிக் குழுக்கள் இன்று தமிழ்நாட்டில் இல்லாத ஊர் இல்லை. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்த மகளிர் மேம்பாட்டுத் திட்டம் இதற்கு வழி போட்டது. எங்கள் தெருச் சங்கம் எந்தத் திட்டத்திலும் சேராதது, தானாக முளைத்தது. ஆகவே தணிக்கை செய்ய வெளியிலிருந்து யாரும் வந்ததில்லை.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள், தலைவி அம்மாளுக்கு என்ன தோன்றிற்றோ, பெட்டியைத் திறந்து எண்ணலாம் என்றார். எண்ணினார்கள். ரொக்கப் புத்தகத்தின்படி இருக்க வேண்டிய இருப்பு 11,870 ரூபாய். பெட்டியில் இருந்தது 7,520 ரூபாய். 4,350 ரூபாயைக் காணோம்!

கணக்கு எழுதி வந்தவர் எதிர்ச்சாரியில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா. கணவரை இழந்தவர். மெஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர். ஒரு பைசா வாங்காமல் ஆறு வருஷமாகச் சங்கக் கணக்கை எழுதி வந்தார். அந்த ஆறு வருஷத்தில் ஒருவர்கூட அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெட்டியை எண்ணிய அன்று சாயங்காலத்துக்குள் எத்தனை வார்த்தை!

"மூத்தவனுக்குக் காலேஜ் பீஸ் கட்டியிருக்காளாம்ல?"

"புது மிக்ஸி வந்திருக்கு, பாத்தியா?"

இந்த நிலைமையில்தான் தலைவி அம்மாள் என்னைத் தேடி வந்தார். "நீ பத்திரிகையில எழுதுற பிள்ளை. நல்லா உறைக்கிற மாதிரி ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தா. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வாசிக்கணும்" என்றார். என் எழுத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ராத்திரியில் நாலு பக்கம் எழுதித் தள்ளினேன். மாதிரிக்கு ஒரு வாக்கியம் கேளுங்கள்: "ஏழைப் பெண்களின் வியர்வையில் விளைந்த பணம், பொறுப்பற்ற கைகளில் சிக்கிச் சீரழிந்திருப்பது வெள்ளிடைமலை." எனக்கே புல்லரித்தது. காலையில் காப்பி குடித்த கையோடு அதைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெரியப்பா அரசாங்கத் தணிக்கைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பார். பெரியம்மாவின் பால் கணக்கு அவரிடம் படும் பாடு தனிக் கதை.

முதல் பக்கத்தைப் பார்த்தார். சிவப்பு முனையைத் திருப்பினார்.

"வியர்வையில் விளைந்த பணம்னு எழுதியிருக்கே. ரசீது புஸ்தகத்துல அப்படியா போட்டிருக்கு?"

"இல்லை, பெரியப்பா. அது ஒரு அழகுக்காக..."

அடித்துவிட்டார்.

"பொறுப்பற்ற கைகள். யார் கை?"

"அது... எல்லாருக்கும் தெரியும்."

"உனக்குத் தெரியுமா?"

பதில் இல்லை. அடித்துவிட்டார். "வெள்ளிடைமலை" என்ற இடத்தில் பென்சிலை நிறுத்தி, "இதுக்கு வவுச்சர் எங்கே?" என்றார். இப்படியே நாலு பக்கமும் போயிற்று. கடைசியில் அடிபடாமல் மிஞ்சியது ஒரே ஒரு வரி: புத்தகப்படி 11,870, பெட்டியில் 7,520, குறைவு 4,350.

"இது ஒண்ணுக்குத்தான் உன்கிட்ட ஆதாரம் இருக்கு. மத்ததெல்லாம் வவுச்சர் இல்லாத வாக்கியம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியானால் தப்பு நடந்தால் பூசி மெழுக வேண்டுமா? பணம் குறைவது நிஜம்தானே?" என்று கேட்டேன்.

பெரியப்பா பென்சிலைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த வீட்டில் நான் அதுவரை கேட்டிராத ஒரு கதையைச் சொன்னார்.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் ஓர் அலுவலகத்துக்குத் தணிக்கைக்குப் போயிருந்தார். வசூலித்த பணத்தில் 312 ரூபாய் கஜானாவில் கட்டியதற்குச் செலான் இல்லை. அந்தக் காலத்தில் அது ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "மேற்படி தொகை கையாடப்பட்டிருக்கலாம் எனக் கருத இடமுண்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்துவிட்டார்.

குமாஸ்தாவை வேலையிலிருந்து தாற்காலிகமாக நீக்கினார்கள். பதினாலு மாதம் கழித்து, வேறு வருஷத்துக் கட்டு ஒன்றில் அந்தச் செலான் அகப்பட்டது. பணம் அன்றன்றைக்கே ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"பாக்கிச் சம்பளமும் கொடுத்தாங்க. ஆனா நிச்சயம் பண்ணியிருந்த அவர் மக கல்யாணம் நின்னு போச்சு. அதை யார் திருப்பிக் கொடுக்கிறது?" என்றார் பெரியப்பா. "நான் பொய் எழுதலைம்மா. 'லாம்'னுதான் எழுதினேன். படிக்கிறவங்க கண்ணுக்கு அந்த ரெண்டெழுத்துத் தெரியாது. 'கையாடல்' மட்டும்தான் தெரியும்."

பத்திரிகைக்காரியான எனக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. 2010-ல் அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கொடுத்த அறிக்கையை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடி என்ற எண் டீக்கடை வரைக்கும் பிரசித்தம். ஆனால் அந்த அறிக்கையில் இருந்தது ஓர் எண் அல்ல. நான்கு விதமாகக் கணக்கிட்டு, 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடி வரை நான்கு தொகைகளைக் கொடுத்திருந்தார்கள். அதையும் 'அனுமான இழப்பு' என்றுதான் குறித்திருந்தார்கள். ஊரில் நிலைத்தது மிகப் பெரிய எண் ஒன்று மட்டும். 'அனுமானம்' வழியிலேயே உதிர்ந்துவிட்டது. 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுதலை செய்தது; அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது. அந்த வழக்கின் நியாயத்துக்குள் நாம் போக வேண்டாம். அறிக்கை எழுதுகிறவர் என்ன எழுதினார் என்பது ஒன்று, படிக்கிறவர் எதை எடுத்துக்கொண்டு போனார் என்பது வேறு. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் நான் நினைத்துப் பார்த்தேன்.

"அப்படியானால் பேசாமல் இருந்துவிடுவதே மேல்" என்றேன்.

"அதுவும் குத்தம்தான்" என்றார் பெரியப்பா. "பாத்ததுக்கு மேலே எழுதினா ஒருத்தர் குடி கெடும். பாத்ததைக் குறைச்சு எழுதினா ஊரே கெடும்."

அதற்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஹைதராபாத்தின் சத்யம் கம்பெனிக்கு ஆண்டு தவறாமல் குறையற்ற தணிக்கை அறிக்கை வந்துகொண்டிருந்தது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி கம்பெனியின் தலைவரே கடிதம் எழுதி, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பெட்டியை எண்ணிப் பார்ப்பது எங்கள் தெருச் சங்கத்துக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல பாருங்கள்!

தணிக்கையாளர் எதுவரை போக வேண்டும் என்பது பழைய கேள்வி. 1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கில் நீதிபதி லோப்ஸ் ஒரு தீர்ப்புச் சொன்னார். தணிக்கையாளர் வீட்டைக் காக்கும் நாயே தவிர, மோப்பம் பிடித்து வேட்டையாடும் நாய் அல்ல என்பது அதன் சாரம். பெரியப்பா அதைத் தம் வழியில் சொன்னார்: "காவல் நாய் குரைக்கணும். குரைக்காம தூங்கக் கூடாது. ஆனா போறவன் வர்றவனையெல்லாம் கடிக்கவும் கூடாது."

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தலைகுனிய வைத்தது.

"அது சரி, அந்தப் பிள்ளையைக் கேட்டியா?"

நான் கேட்கவில்லை. நாலு பக்கம் எழுதிய நான், நாலு வீடு தள்ளி இருக்கும் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

பெரியப்பா உத்தரமேரூரைப் பற்றிச் சொன்னார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறைக்காக நாம் பாடப் புத்தகத்தில் படித்தவைதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது என்கிறது கல்வெட்டு. இன்னொரு விதியும் உண்டு. கணக்கு எழுதியவர் தம் கணக்கைத் தாமே நேரில் ஒப்பிக்க வேண்டும். அவர் எழுதிய கணக்கை வேறொருவரை வைத்து முடிக்கக் கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே, எழுதியவர் வாயால் கேட்காமல் கணக்கை முடிக்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நானோ அக்காவின் கணக்கை அக்கா இல்லாமலே முடித்துவிட்டேன்.

பெரியப்பா ஒரு முழுத்தாளை எடுத்து நீளவாக்கில் பாதியாக மடித்தார். "இடப்பக்கம் நீ கேள்வியை எழுது. வலப்பக்கம் வெறுமையா விடு. அது அவளுக்கு. அவ பதிலை அவ கையாலே எழுதட்டும்." ஆபீஸில் இதற்கு 'ஹாஃப் மார்ஜின்' என்று பெயராம். எவ்வளவு கௌரவமான ஏற்பாடு! கேள்வி கேட்கிறவருக்குத் தாளில் பாதிதான் சொந்தம்.

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நிறுத்தினார். தாளை நீட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அதில் துண்டுச் சீட்டுகள்.

ஒரு சீட்டு 2,400 ரூபாய்க்கு. பங்குனி மாதம் ஒரு நாள் ராத்திரி, மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஓர் உறுப்பினர் வாங்கிய அவசரக் கடன். கையெழுத்தும் இருந்தது. "வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம், புஸ்தகத்துல எழுதாதீங்கன்னு அழுதா. மாசக் கடைசியில தர்றேன்னா. எப்படி எழுதுறது?" என்றார் அக்கா.

இன்னொன்று 1,450 ரூபாய்க்கு. எதிர்சேவை நீர்மோர்ப் பந்தலுக்குத் தயிர், எலுமிச்சை, வெள்ளரி, ஐஸ்கட்டி வாங்கிய செலவு. எல்லாரும் கூடிப் பேசித்தான் செய்தார்கள். நானே இரண்டு டம்ளர் குடித்தேன். ஆனால் ஐஸ்காரர் பில் கொடுப்பாரா? அக்கா கைப்பட எழுதிய பட்டியல்தான் உண்டு.

இரண்டும் சேர்ந்து 3,850. மீதி 500 ரூபாய்?

அக்கா வெகு நேரம் டப்பாவைக் கிளறினார். "தெரியலம்மா. சத்தியமாத் தெரியல" என்றார். பிறகு தலையணை உறைக்குள்ளிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து என் கையில் திணித்தார். "இதைப் பெட்டியில போட்டுர்றேன். கணக்கு நேராயிரும். அந்த ஐந்நூறை மட்டும் எழுதாதே தாயி. நீதான் அக்காவைக் காப்பாத்தணும்."

வாசகிகளே, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு எழுதாமல் விட்டுவிடத்தான் தோன்றியது. ஐந்நூறு ரூபாய் ஒரு பெரிய காசா? அக்காவின் கண்ணீருக்கு முன்னால் அது எம்மாத்திரம்? நோட்டை அவர் மடியிலேயே வைத்துவிட்டு, அன்றிரவு பெரியப்பாவிடம் போய்க் கெஞ்சினேன்.

அவர் மசியவில்லை. "அவ காசைப் போட்டா பெட்டி நிரம்பும். நாளைக்கு யாராவது கேப்பாங்க, 'எடுக்காதவ ஏன் போட்டா?'ன்னு. அதுக்கு அவகிட்டயும் பதில் இருக்காது, உன்கிட்டயும் இருக்காது. காப்பாத்துறதா நினைச்சு நீயே அவளைக் குத்தவாளி ஆக்கிருவே. ஐந்நூறு தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. அதுதான் அவளுக்குக் கவசம்."

பிறகு ஐந்து கேள்விகளை எழுதச் சொன்னார். ஒவ்வொரு குறைக்கும் இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால்தான் அது அறிக்கையாம், இல்லாவிட்டால் வம்பாம்! முதலாவது, எப்படி இருந்திருக்க வேண்டும்? இரண்டாவது, எப்படி இருந்தது? மூன்றாவது, ஏன் அப்படி ஆயிற்று? நான்காவது, அதனால் என்ன விளைந்தது? ஐந்தாவது, இனி என்ன செய்ய வேண்டும்? உலகம் முழுவதும் தணிக்கைக்காரர்கள் பயிலுகிற வரிசை இதுதான்.

கூடச் சில புத்திமதிகளும் சொன்னார். முக்கியமானதை முதலில் எழுது; மூன்றாம் பக்கம் வரை யாரும் வர மாட்டார்கள். தொகைக்குப் பக்கத்தில் தேதி வேண்டும். ஆளின் பெயரை எழுதாதே, பொறுப்பை எழுது. பார்த்ததையும் பிறர் சொன்னதையும் நீ நினைப்பதையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கிண்டாதே. எதைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லு. எல்லாவற்றையும் எழுதி முடித்ததும், யாரைப் பற்றி எழுதினாயோ அவரிடமே முதலில் காட்டு.

முக்கியமானதை முதலில் சொல்வது கம்பெனிக் கணக்குக்கும் விதியாகிவிட்டது. 2018 ஏப்ரல் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ தொடங்கிய கணக்காண்டுகளில் இருந்து, ஆடிட்டர் தம் கருத்தை அறிக்கையின் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பங்கு வாங்குகிற சகோதரிகள் அந்த முதல் பத்தியையாவது படிக்கலாம். கணக்கு உண்மையும் நியாயமுமானது என்றால் சரி. "இன்னது நீங்கலாக" என்று வந்தால் அந்த 'நீங்கலாக' என்ன என்று பாருங்கள். கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்றாலோ, கருத்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றாலோ, கைப்பையை மூடிவிடுங்கள்.

மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். நாலு பக்கத்துக்கு ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் பிடித்தது! கடன் வாங்கியவரை நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சீட்டைத் தலைவி அம்மாளிடம் மட்டும் காட்டினேன். அறிக்கையில் "ஓர் உறுப்பினர்" என்று மட்டும் எழுதினேன். நீர்மோர்ச் செலவுக்குப் பில் இல்லை, பட்டியல் உண்டு என்று எழுதினேன். "மீதி 500 ரூபாய்க்கு விளக்கம் கிடைக்கவில்லை. அது எப்போது, எப்படிக் குறைந்தது என்று காட்டும் ஆதாரம் எதுவும் இல்லை" என்று எழுதினேன்.

மூன்றாவது கேள்வியான 'ஏன்' என்பதற்கு வந்தபோதுதான் எனக்கே திடுக்கென்றது. சாவியும் புத்தகமும் ஒருவரிடமே இருந்தன. வரவு செலவை அன்றன்று எழுதாமல் வாரத்துக்கு ஒரு முறை எழுதினார்கள். பெட்டியை இதற்கு முன் எண்ணியது எப்போது என்று யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் எண்ணியதாக எழுத்தில் இல்லை! அந்த ஐந்நூறு போன மாதம் குறைந்ததோ, ஐந்து வருஷத்துக்கு முன்பே குறைந்ததோ? இதில் அக்கா ஒருவருக்கு மட்டுமா பங்கு?

எழுதியதை அக்காவிடம் காட்டினேன். ஐந்நூறு ரூபாய் வரியில் அவர் விரல் நின்றது. முகம் வாடிற்று. பிறகு அதற்கு நேரே வலப்பக்கத்தில், "எனக்கும் தெரியவில்லை. கடனை அன்றே எழுதாதது என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். "இதையெல்லாம் ஒரு ஆடிட்டர்கிட்டக் கொடுக்கணும். பொம்பளைங்க நமக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தார் ஒரு பெரியம்மாள். எனக்கு உடனே ஆர். சிவபோகம் அம்மையாரின் ஞாபகம் வந்தது. 1907-ல் பிறந்தவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஒரு வருஷம் சிறையில் இருந்தவர். சிறைக்குப் போனவர்கள் இந்தத் தொழிலுக்கு வர முடியாது என்று விதி குறுக்கே நின்றபோது வழக்காடி ஜெயித்தார். 1933-ல் தேறி, இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் ஆனார். 1937-ல் சென்னையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பட்டயக் கணக்கர் கழகத்தின் தென்னிந்திய மண்டலத்துக்கு 1955 முதல் 1958 வரை தலைமை வகித்தார். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். பெரியம்மாள், "அப்ப சரி, வாசி" என்றார்.

வாசித்து முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "எல்லாம் சரி, ஐந்நூறை எடுத்தது யாருன்னு போடலையே?"

"எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதவில்லை" என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கிற்று.

அப்போது நடுவில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்தாள். "அந்த ரெண்டாயிரத்து நானூறு நான் வாங்கினது. இந்த மாசமே கொடுத்துர்றேன். அக்காவை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அறிக்கையில் அவள் பெயரும் இல்லை. பெயர் இல்லாததனால்தான் அவளுக்கு எழுந்திருக்கத் துணிவு வந்ததோ என்னவோ.

அதன் பிறகு பேச்சுத் திசை மாறிற்று. மிக்ஸியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாவி ஒருவரிடம், புத்தகம் இன்னொருவரிடம் என்று தீர்மானம் ஆயிற்று. அவசரக் கடனானாலும் அன்றே எழுதுவது, கடன் வாங்குகிறவருக்குப் பெயருக்குப் பதில் ஓர் எண். மாதம் முதல் ஞாயிறு இரண்டு பேர் சேர்ந்து பெட்டியை எண்ணிக் கையெழுத்துப் போடுவது. பில் கொடுக்காத கடைக்குச் செல்போனில் பணம் அனுப்பிவிட்டால் அதுவே அத்தாட்சி என்று காலேஜில் படிக்கும் ஒரு பெண் யோசனை சொன்னாள். அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அக்காவே கணக்கு எழுத வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர் உடனே சம்மதிக்கவில்லை. "மூணு மாசம் பெட்டியை எண்ணிப் பாருங்க. அப்புறம் என்னைக் கேளுங்க" என்றார்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து அறிக்கையின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றேன். "நான் செஞ்ச தப்பும் இதுல இருக்கு. செய்யாததை யாரும் எழுதலைங்கிறதும் இருக்கு. பையன் பெரியவனானா காட்டணும்" என்றார். அந்த நகலையும் பிஸ்கட் டப்பாவில்தான் வைத்தார்.

ஐந்நூறு ரூபாய் இன்று வரை அகப்படவில்லை. அறிக்கையில் அது அப்படியே இருக்கிறது.

இந்தக் கட்டுரையை ஆபீஸில் கொடுப்பதற்கு முன், யாரைப் பற்றி எழுதினேனோ அவர்களிடம் காட்ட வேண்டும் அல்லவா? அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், சம்மதித்தார். பெரியப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரே ஒரு குறிப்பு: "நீர்மோர் இரண்டு டம்ளர் குடித்ததாக எழுதியிருக்கிறாய். மூன்று டம்ளர் என்று பெரியம்மா சொல்கிறாள். சரிபார்க்கவும்."